பழைய லாண்ட்ரோவருக்கு டொயோட்டா 3எல் டீசல் எஞ்சின்: அளவுகளும் அவதானங்களும்

லாண்ட்ரோவருக்கு டீசல் எஞ்சின் ஏற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள் பிறப்பவை அல்ல. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஒரு சாண் இடத்தில்தான் அவை பிறக்கின்றன. கிளட்ச் அதிர்வது, முதலாம் கியர் விழ மறுப்பது, ஆறு மாதத்தில் இன்புட் பெயாரிங் ஊளையிடுவது, கிராங்க் தண்டு முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வொஷர் தேய்ந்து எஞ்சினையே திரும்ப இறக்க வேண்டி வருவது எல்லாம் அங்கிருந்துதான். ஆகவே இந்தப் பதிவில் அந்த இடத்துக்குத்தான் கூடிய நேரம் கொடுக்கிறேன்.

எடுத்துக்கொண்ட வண்டி, 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3, 88 அங்குல சில்லுத்தளம் (முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) கொண்ட பெற்றோல் லாண்ட்ரோவர். தோட்டங்களிலிருந்து வந்தவை இன்னும் நிறைய ஓடுகின்றன. அதன் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் தரும் முறுக்கு விசை சுமார் 160 நியூட்டன் மீற்றர். ஏற்றப் போவது டொயோட்டா 3எல்: 2779 சிசி, போர் 96, ஸ்ட்ரோக் 96 மில்லிமீற்றர், 2400 சுற்றில் சுமார் 190 நியூட்டன் மீற்றர். டொல்பின் ஹையேஸ் வான்களில் வந்த அதே எஞ்சின்தான்.

நிசான் டிடி27, இசுசு 4ஜேபி1 இரண்டும் நல்ல எஞ்சின்கள். டிடி27இல் டைமிங் பெல்ட் கிடையாது, பல்சில்லுதான். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் கொழும்பில் இருந்துகொண்டு 3எல்லைத்தான் சொல்வேன். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதற்குக் கிடைக்காத சாமான் இல்லை. மலைநாட்டில் எந்தச் சந்தியில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். டர்போ வைத்த 2எல்-டி மலிவாக வந்தாலும் வேண்டாம். சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழும் எஞ்சின் அது. அதோடு சீரிஸ் வண்டியின் பின் அச்சுத்தண்டுகள் பத்துப் பல் கொண்ட மெல்லியவை. டர்போவின் முறுக்கை, மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் லோ ரேஞ்சில் அவற்றுக்குக் கொடுத்தால் முறியும்.

பணம் கொடுக்குமுன் கடதாசி வேலை. எஞ்சின் இலக்கம், சிசி, எரிபொருள் வகை மூன்றும் பதிவுச் சான்றிதழில் இருக்கின்றன. மூன்றும் மாறப் போகின்றன. எனவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை இறக்குமதி செய்த பத்திரத்தின் பிரதி, விற்றவரின் ரசீது, பிளொக்கில் கீறலோ அரைத்த அடையாளமோ இல்லாத இலக்கம் ஆகியன இல்லாத எஞ்சினை எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்க வேண்டாம். பெற்றோல் என்று பதிவான வண்டியை டீசலில் ஓட்டிக்கொண்டு வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போக முடியாது. பெற்றோலுக்கு ஒரு சோதனை, டீசலுக்கு வேறு சோதனை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை.

வாங்கும்போது எஞ்சினை மட்டும் தூக்கி வராதீர்கள். பிளைவீல், பின்தகடு, ஸ்டார்ட்டர், பின்னால் வெக்யூம் பம்ப் பூட்டிய ஓல்டனேட்டர், எஞ்சின் மவுண்ட் ரப்பரும் பிராக்கெட்டும், பேன், ஹீட்டர் பிளக் ரிலே, அந்த எஞ்சினோடு வந்த பெல் ஹவுசிங் (கிளட்சைச் சுற்றி எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் உறை) எல்லாம் சேர்த்து விலை பேசுங்கள். உடைந்த கியர்பொக்ஸின் பெல் ஹவுசிங் என்றாலும் போதும். முன்பக்கம் முழுதாக இருந்தால் சரி. ஓட விட்டு எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. மூடியைத் தள்ளிவிடும் அளவுக்குத் துடித்துத் துடித்து ஊதினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கொம்ப்ரெஷன் பார்த்தால் நல்ல எஞ்சின் சதுர சென்ரிமீற்றருக்கு 30 கிலோவை ஒட்டிக் காட்டும். 20க்குக் கீழே போனால் அது பாவனைக்கு உதவாது. சிலிண்டர்களுக்கு இடையே 5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் வாங்க வேண்டாம்.

எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், ஐட்லர், தண்ணீர் பம்ப், கிராங்க் முன்பின் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டின் ஆயுள் 1,00,000 கிலோமீற்றர். வந்த எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று எவரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.20–0.30, எக்ஸோஸ்டுக்கு 0.40–0.50 மில்லிமீற்றர். டீசலைத் தெளிக்கும் நொசில்களை பம்ப் கடையில் கொடுத்து அழுத்தம் பார்க்க வேண்டும். சதுர சென்ரிமீற்றருக்கு 150 கிலோவை ஒட்டித் திறக்க வேண்டும், சொட்டக் கூடாது. புகைப் பரிசோதனையில் எஞ்சினின் சுற்றை ஒரேயடியாக உயர்த்தித்தான் கரும்புகையை அளக்கிறார்கள். அந்த நேரத்தில் சொட்டும் நொசில் ஒன்று போதும், தோற்றுப்போக.

நடுவில் இருக்கும் ஒரு சாண்

சீரிஸ் லாண்ட்ரோவரில், சுழற்சியை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் கியர்பொக்ஸோடு ஒட்டிப் பிறந்தது. ஆகவே லாண்ட்ரோவர் பொக்ஸை வைத்துக்கொண்டு டொயோட்டா எஞ்சினை அதனோடு சேர்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது. சேர்க்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது இது: டொயோட்டா பெல் ஹவுசிங்கின் முன்பகுதியை வெட்டி எடுத்து, வெட்டிய முகத்தை மெஷினில் சமப்படுத்தி, அதன்மேல் 16 அல்லது 20 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை போல்ட்டால் பிடித்து, அந்தத் தகட்டில் லாண்ட்ரோவர் பெல் ஹவுசிங்கைப் பூட்டுவது. இதில் ஸ்டார்ட்டர் டொயோட்டா வைத்த அதே இடத்தில் இருக்கிறது. பிளைவீலின் ரிங் கியரோடு பல் கோக்கும் ஆழத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அலுமினிய ஹவுசிங்கில் தகட்டை வெல்ட் செய்து ஒட்டும் யோசனையை ஏற்க வேண்டாம். சூட்டில் முகம் கோணும். கோணிய முகத்தைத் திரும்பச் சமப்படுத்தினால் நீளம் குறையும்.

வெட்டிய ஹவுசிங் துண்டும் தகடும் சேர்ந்த மொத்தத் தடிப்பு எவ்வளவு என்பதை உத்தேசத்தில் முடிவு செய்யக் கூடாது. மூன்று அளவு எடுங்கள். லாண்ட்ரோவர் பெல் ஹவுசிங் முகத்திலிருந்து இன்புட் தண்டின் நுனி எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது ஒன்று. எஞ்சினின் பின்தகட்டு முகத்திலிருந்து கிராங்கின் நடுத்துளை அடி எவ்வளவு ஆழம் என்பது இரண்டாவது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, நுனி அடியில் முட்டாமல் இருக்க 4 மில்லிமீற்றர் கூட்டினால் தடிப்பு கிடைக்கும். தண்டு 100 வெளியே நின்று துளை 20 ஆழம் என்றால் தடிப்பு 84. மூன்றாவது அளவு, பிளைவீலும் ப்ரெஷர் பிளேட்டும் பூட்டிய பிறகு அவை பின்தகட்டிலிருந்து எவ்வளவு நீளுகின்றன என்பது. கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங் முழுதாகப் பின்வாங்கிய நிலையில் ப்ரெஷர் பிளேட்டின் விரல்களுக்கும் அதற்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் தடிப்பைக் கூட்டி, தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ்ஷைக் கிராங்கிலிருந்து வெளியே நீட்டிச் செய்யலாம். ஆனால் தண்டின் நுனி புஷ்ஷுக்குள் குறைந்தது 12 மில்லிமீற்றர் போயிருக்க வேண்டும்.

பைலட் புஷ்ஷுக்கு எண்ணெய் ஊறும் வெண்கலம் வாங்குங்கள். வெளிவிட்டம் டொயோட்டா கிராங்க் துளைக்கு இறுக்கமாக, உள்விட்டம் லாண்ட்ரோவர் தண்டின் நுனிக்கு 0.05 மில்லிமீற்றர் தளர்வாக. லேத்தில் கூரிய கருவியால் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரீமர் ஓட்டினால் நுண்துளைகள் மூடிப்போய், எண்ணெய் வெளியே வராமல் புஷ் வறண்டு தேயும். பூட்டுமுன் ஒரு இரவு எஞ்சின் எண்ணெயில் ஊறவிடுங்கள்.

கிளட்ச் பிளேட்டில் இரண்டு வண்டியும் கலக்கும். நடு ஹப் லாண்ட்ரோவருடையது, சுற்றியுள்ள தட்டும் லைனிங்கும் டொயோட்டாவினுடையது. கிளட்ச் லைனிங் அடிக்கும் கடைகளில் ரிவெட் அடித்துச் சேர்த்துத் தருவார்கள். வாங்கும்போது ஹப் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள். பிளைவீல் போல்ட் தலைகளில் ஹப் உரசினால் கிளட்ச் ஒருபோதும் முழுதாக விடாது. மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்.

இனி மையம். கிராங்கின் மையமும் இன்புட் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எம்10 போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர் துளை போட்டால் தகடு எந்தப் பக்கமும் அரை மில்லிமீற்றர் நகரும். பெயாரிங்குகளைக் கொல்ல அது தாராளம். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். மையத்தைப் பிடித்து வைப்பது, துளைக்குள் இறுக்கமாக அமரும் டவல் பின்.

அளக்கும் விதம் இப்படி. கியர்பொக்ஸிலிருந்து லாண்ட்ரோவர் பெல் ஹவுசிங்கை வெறுமையாகக் கழற்றி எடுங்கள். பிரைமறி பினியன் (இன்புட் தண்டு) பெயாரிங் அமரும் துளை அந்த ஹவுசிங்கிலேயே இருப்பதால் இது வசதி. கிளட்ச் இல்லாமல், எஞ்சின்மேல் தகட்டையும் ஹவுசிங்கையும் போல்ட்டால் லேசாகப் பிடியுங்கள். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்தக் காலைப் பிளைவீலில் ஒட்டி, முள் அந்தப் பெயாரிங் துளையின் உள்சுவரைத் தொடும்படி வையுங்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையால் சுழலும். ஒரு முழுச் சுற்று சுற்றி, மேல், வலம், கீழ், இடம் நாலு இடத்திலும் வாசிப்பை எழுதுங்கள். மேலே 0, கீழே 0.40 என்று வந்தால் ஹவுசிங் 0.20 மில்லிமீற்றர் விலகி நிற்கிறது. கேஜ் காட்டுவது எப்போதும் விலகலின் இரண்டு மடங்கு. மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, மொத்த வாசிப்பை 0.10க்குள் கொண்டு வாருங்கள். 0.15ஐத் தாண்டினால் ஏற்க வேண்டாம். பிறகு கேஜை ஹவுசிங்கின் முகத்துக்குத் திருப்பி, முகம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கும் 0.15க்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியான பிறகு போல்ட்டுகளை இறுக்கி, இன்னொரு தடவை அளந்து, அதே நிலையில் கழற்றாமல் இரண்டு டவல் துளைகளைத் துளைத்து ரீமர் ஓட்டுங்கள். 10 மில்லிமீற்றர் பின் போதும். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக, எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில்.

“கண்ணுக்குச் சரியாகத்தானே இருக்கு, பூட்டிப் பார்ப்போம்” என்று கராஜில் சொல்வார்கள். கண்ணுக்கு 0.20 தெரியாது, பெயாரிங்குக்குத் தெரியும். அரை நாள் வேலை இது. அதை விட்டுவிட்டு மிச்சத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயனில்லை.

கியர்பொக்ஸோடு எஞ்சினைச் சேர்க்கும்போது முகங்கள் கையால் தள்ளியே ஒன்றோடொன்று உட்கார வேண்டும். கடைசி ஐந்து மில்லிமீற்றரைப் போல்ட்டால் இழுத்துச் சேர்க்கத் தோன்றினால் நிறுத்துங்கள். தண்டு கிராங்குக்குள் முட்டிக்கொண்டிருக்கலாம். இழுத்து இறுக்கினால் கிராங்க் முன்னுக்குத் தள்ளப்பட்டு த்ரஸ்ட் வொஷர் எந்நேரமும் சுமையில் நிற்கும். சேர்க்குமுன்னும் சேர்த்த பின்னும் கிராங்க் முன்பின் அசைவை டயல் கேஜால் அளந்தால் சந்தேகம் தீரும். இரண்டு வாசிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செசியில் உட்கார வைத்தல்

கியர்பொக்ஸ் தன் இடத்தில் அசையாமல் நிற்க, எஞ்சின் அதைத் தொடர்ந்து எங்கே வருகிறதோ அதுதான் அதன் இடம். ரேடியேட்டருக்கு இடம் போதவில்லை என்று கியர்பொக்ஸைப் பின்னுக்குத் தள்ளினால் இரண்டு ப்ரொப்பெலர் தண்டுகளின் நீளமும் மாறும். ரேடியேட்டரைத்தான் முன்னுக்கு எடுக்க வேண்டும்.

முன் டிஃப் (சுழற்சியைச் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) இந்த வண்டியில் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. ப்ரொப்பெலர் தண்டும் அதே பக்கம் ஓடுகிறது. எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் ஆழமான பகுதி அச்சுக்கு மேலே வந்தால், பள்ளத்தில் ஸ்பிரிங் அழுந்தும்போது டிஃப் போய் சம்ப்பில் அடிக்கும். வான் சம்ப் ஒத்துவராவிட்டால் நான்கு சில்லு ஹைலக்ஸின் சம்ப்பைத் தேடுங்கள். அதோடு அதன் எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரையும் மாற்ற வேண்டும். சம்ப்பை மட்டும் மாற்றினால் ஸ்ட்ரெய்னர் எண்ணெய்க்கு மேலே நின்று காற்றை உறிஞ்சும். அச்சு செசியில் மோதாமல் தாங்கும் ரப்பரில் அது முட்டும்வரை அச்சை ஜாக்கியால் தூக்கி, சம்ப்புக்கும் டிஃப்புக்கும் நடுவே 25 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

செசிப் பெட்டியின் தகடு மெல்லியது, 2 மில்லிமீற்றரை ஒட்டியது. மவுண்ட் பிராக்கெட்டை நேரே அதில் வெல்ட் செய்தால் ஒரு வருடத்தில் சுற்றிவர வெடிப்பு விழும். முதலில் 4 மில்லிமீற்றரில், மூலைகள் வட்டமாக வெட்டிய ஒரு தாங்குதகட்டைச் செசியில் வெல்ட் செய்து, அதன்மேல் 6 மில்லிமீற்றர் பிராக்கெட். எஞ்சின் தொங்கும் நிலையில் புள்ளி வெல்ட் மட்டும் வைத்து, எஞ்சினை வெளியே எடுத்த பிறகு முழு வெல்ட். வெல்டிங் நடக்கும்போது பற்றரியும் ஓல்டனேட்டரும் கழற்றியிருக்க வேண்டும்.

டீசல் எஞ்சின் கனம் கூடியது. முன் ஸ்பிரிங் தாழ்ந்துவிட்டால் டீசல் மொடலின் ஸ்பிரிங் போடுங்கள். 88இன் பிரேக் ட்ரம் 10 அங்குலம். 109 அங்குல வண்டியின் 11 அங்குல முன் ட்ரம்களைத் தேடிப் போட்டால் வண்டி நிற்கும் விதமே வேறு. டீசலில் இன்லெட் வெக்யூம் கிடையாது என்பதால் பிரேக் பூஸ்டருக்கு ஓல்டனேட்டரின் பின்னால் உள்ள பம்ப்தான் கதி. அந்தப் பம்ப்புக்கு எண்ணெய் போகும் குழாயும் திரும்பும் குழாயும் உண்டு. திரும்பும் ஹோஸ் மடிந்தால் எண்ணெய் பூஸ்டருக்குள் போய் டயஃப்ரத்தைக் கெடுக்கும்.

சூடு, எரிபொருள், மின்சாரம்

3எல், ஹெட்டில் உள்ள சிறிய முன்னறையில் டீசலைத் தெளித்து எரிக்கும் எஞ்சின். நேரடி ஊசி எஞ்சினைவிடக் கூடிய சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும். பழைய ரேடியேட்டரை நாலு வரிசைக் கோராக மாற்றிக் கட்டுங்கள். பேன் எஞ்சினோடு சுற்றுவதாகவே இருக்கட்டும், சுற்றிவரக் கவுல் என்ற உறை கட்டாயம். பேஸ்லைன் வீதி நெரிசலில் மத்தியான வெயிலில் அரை மணித்தியாலம் நிற்கும்போது கவுல் இல்லாத பேன் சுற்றியதே ஒன்றுக்கும் உதவாது. ஆழமான தண்ணீரில் இறங்குவதென்றால் பேன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் போங்கள். தண்ணீரில் பேன் அலகு முன்னுக்கு வளைந்து ரேடியேட்டரைக் கீறும். தேர்மோஸ்டாட் உறை ரேடியேட்டர் வாயைவிட உயரமாக வந்தால் அங்கே காற்று அடைபடும், ஹெட் வெந்துபோகும், சூடு காட்டும் மீற்றரோ ஒன்றும் காட்டாது. எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் ஒரு விரிவுத் தாங்கி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. டொயோட்டாவின் சென்சரை லாண்ட்ரோவர் மீற்றரோடு இணைத்தால் பொய் சொல்லும்; லாண்ட்ரோவர் சென்சருக்கு லேத்தில் ஒரு பித்தளைத் துண்டு கடைந்து அதைப் பூட்டுங்கள்.

பெற்றோல் தாங்கியை உள்ளே சுத்தம் செய்யாமல் டீசல் ஊற்ற வேண்டாம். பழைய துருவையும் பசையையும் டீசல் கரைத்து பம்ப்புக்குக் கொண்டுபோகும். நொசில்களுக்கு டீசல் அனுப்பும் விஈ பம்ப் பாவிக்காத டீசலைத் திருப்பி அனுப்பும் என்பதால் திரும்பும் குழாய் தேவை. போக 8, திரும்ப 6 மில்லிமீற்றர். தாங்கியில் அதற்காக வெல்ட் வைக்க எவராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள், பெற்றோல் ஆவி வருடக்கணக்கில் உள்ளே நிற்கும், வெடிக்கும். மிதவை பூட்டிய மேல்தகட்டைக் கழற்றி எடுத்து, அதில் துளைத்து நட் போட்ட குழாய்வாய் பூட்டுங்கள். கைப் பம்ப் உள்ள பில்டரும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் வேண்டும். காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பம்ப்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் பூட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இந்தப் பம்ப்பின் எமன், ஏனென்றால் அதற்கு டீசலைத் தவிர வேறு எண்ணெய் இல்லை.

ஹீட்டர் பிளக்கில் என்ன வோல்ட் என்று அடித்திருக்கிறது எனக் கட்டாயம் பாருங்கள். டொயோட்டா சில எஞ்சின்களுக்கு 6 வோல்ட் பிளக்கையும் இரட்டை ரிலேயையும் கொடுத்தது. அதை நேரே 12 வோல்ட்டில் சொருகினால் நுனி உருகி உள்ளே விழும். 12 வோல்ட் பிளக் நாலும், 80 அம்பியர் ரிலேயும், 10 சதுர மில்லிமீற்றர் வயரும், ஒரு அழுத்தும் சுவிட்சும் போதும். கொழும்புக் காலையில் ஐந்தாறு விநாடி, நுவரெலியாவில் பதினைந்து. எஞ்சினை நிறுத்தும் சொலினொயிட்டுக்குப் புதிதாக வயர் இழுக்க வேண்டாம். முன்பு பெற்றோல் எஞ்சினின் இக்னிஷன் கொயிலுக்குப் போன வெள்ளை வயரே சாவி போட்டால் மின் வரும் வயர். அதில் ரெசிஸ்டர் வயர் சேர்ந்திருந்தால் மட்டும் அதை ஒதுக்கிவிடுங்கள். பற்றரி என்70. எஞ்சினிலிருந்து செசிக்குத் தடித்த எர்த் வயர் ஒன்று கட்டாயம், ஏனென்றால் மவுண்ட் எல்லாம் ரப்பர். அந்த வயர் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின் அக்சிலேட்டர் கேபிள் வழியே ஓடி அதை எரிக்கும்.

கியர் விகிதம் பற்றி ஒரு கணக்கு. 4.7 டிஃப், 1.148 ஹை ரேஞ்ச், 7.50-16 டயர் என்றால் நாலாம் கியரில் 1000 சுற்றுக்கு ஏறக்குறைய 27 கிலோமீற்றர். 80இல் போக 3000 சுற்று. 3எல் அதைத் தாங்கும், ஆனால் காது தாங்காது. ரேஞ்ச்ரோவரின் 3.54 டிஃப் போட்டால் 2200க்கு இறங்கும். கூடவே லோ ரேஞ்ச் முதலாம் கியர் 40.6இலிருந்து 30.6க்கு இறங்கி, பாறையில் ஊர்ந்து ஏறும் சுகம் போய்விடும். காட்டுக்குப் போகிறவர் டிஃப்பைத் தொடாமல், எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்ட்ரைவ் தேடுவதே மேல். அதில் 80க்கு 2300 சுற்றுத்தான், லோ ரேஞ்ச் அப்படியே இருக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஓடத் தொடங்கியதும் கிளட்சை மிதித்து விட்டுப் பாருங்கள்; மிதிக்கும்போது எஞ்சினின் சுற்று விழுந்தால் த்ரஸ்ட்டில் சுமை இருக்கிறது, திரும்ப இறக்கி அளப்பதைத் தவிர வழியில்லை. முதல் 500 கிலோமீற்றருக்குப் பிறகு தகட்டின் போல்ட்டுகள், மவுண்ட், செசி வெல்ட் ஓரங்கள், கியர்பொக்ஸ் எண்ணெய் நாலையும் பாருங்கள். சூட்டுச் சோதனைக்குக் கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் நல்ல இடம். ஆட்களையும் சாமானையும் ஏற்றி, மூன்றாம் கியரில் விடாமல் ஏறி, மேலே போனதும் நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு மீற்றரைப் பாருங்கள். முள் ஏறி நின்று தானாக இறங்கினால் ரேடியேட்டர் போதும். நின்ற இடத்தில் இன்னும் ஏறினால் கவுல், பேன், அடைபட்ட காற்று என்ற வரிசையில் தேடுங்கள்.